கேம்பர் இழுக்க எஸ்யூவிக்கு டோ பார் போடப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

வருகிற பள்ளி விடுமுறைக்குள் கேம்பர் ட்ரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போய், விரித்துத் தங்கும் கூடார வண்டி) வாங்கிவிடப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் சொல்லிவிட்டன. ஒவ்வொருவருக்கும் ஃபோனில் சொல்லி மாளவில்லை, எழுதியே விடுகிறேன்.

சிட்னியின் மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு பட்டறையில் எங்கள் எஸ்யூவிக்கு டோ பார் (ட்ரெய்லரை மாட்ட காரின் பின்னால் போடும் இரும்புச் சட்டம்), வயரிங், பிரேக் கன்ட்ரோலர், ஆண்டர்சன் பிளக் (காரிலிருந்து கேம்பர் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் இணைப்பு) எல்லாம் போட்டு 3,400 டாலர் கட்டினோம். இரண்டு குழந்தைகளையும் ஊரிலிருந்து வந்திருந்த அத்தையையும் வைத்துக்கொண்டு, ட்ரெய்லரில் பிரேக்கே இல்லாமல் மலை இறங்கினோம். பட்டறையின் பெயரை எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொண்டால் வேறு எந்தப் பட்டறையிலும் நீங்கள் அதைப் பிடித்துவிடலாம்.

எங்களுடையது ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. கையேட்டில் 2,000 கிலோ வரை இழுக்கலாம், டோ பால் (பாரின் முனையில் ட்ரெய்லரை மாட்டும் உருண்டை) மேல் 150 கிலோ வரை அழுத்தலாம் என்று இருக்கிறது. வாங்கிய கேம்பர் பழையது, முன்பக்கமாக விரியும் வகை. காலியாக 1,180 கிலோ. தகட்டில் ஏடிஎம் 1,600 என்று அடித்திருக்கிறது. சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு ட்ரெய்லர் அதிகபட்சம் அவ்வளவுதான் இருக்கலாம் என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேல் போகும் ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம். எங்கள் கேம்பரில் இருப்பது மின்சார பிரேக். காருக்குள் இருக்கும் கன்ட்ரோலரிலிருந்து மின்சாரம் போனால்தான் ட்ரெய்லர் சக்கரம் பிடிக்கும். போகவில்லை என்றால், அவ்வளவு எடையையும் காரின் பிரேக்தான் நிறுத்த வேண்டும்.

இது எல்லாம் இப்போது தெரிகிறது. அன்று பட்டறை மேனேஜர் சொன்னதை அப்படியே நம்பினேன். "ஹெவி ட்யூட்டி பார், இரண்டு டன் தாராளமாக இழுக்கும்" என்றார். ட்ரெய்லரைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "தேவையே இல்லை, எங்களிடம் டெஸ்டர் போர்டு இருக்கிறது" என்றார். பின் ஸ்பிரிங்குக்குள் ஏர்பேக் (காற்றடைத்த பை) போட்டால் வண்டி இன்னும் அதிக எடை தாங்கும் என்று சொல்லி, அதற்கும் தனியாக 600 டாலர் வாங்கினார். அது சுத்தப் பொய். ஏர்பேக் வண்டியின் பின்பக்கம் தாழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கார் கம்பெனி நிர்ணயித்த எடை வரம்பு அதனால் ஒரு கிலோகூட ஏறாது. டோ பால் மேல் அழுத்தும் எடையும் காரில் ஏற்றிய எடைக் கணக்கில்தான் சேரும் என்பதையும் அவர் சொல்லவில்லை. ஆறு பேர், பெட்டிகள், அதற்கு மேல் டோ பாலில் 150 கிலோ என்றால் பல குடும்ப எஸ்யூவிகள் அங்கேயே வரம்பைத் தொட்டுவிடும்.

வண்டியை எடுக்கப் போன அன்று டேஷ்போர்டில் பிரேக் கன்ட்ரோலரின் புதுக் குமிழ் இருந்தது. பிரேக் மிதித்தால் அதில் சின்ன விளக்கு எரிந்தது. பின்னால் போர்டை மாட்டி இண்டிகேட்டர், பிரேக் லைட் எல்லாம் எரிவதைக் காட்டினார்கள். திருப்தியாகப் பணம் கட்டிவிட்டு வந்தேன். வீட்டில் கேம்பரை மாட்டிப் பார்த்தபோதும் அதன் விளக்குகள் எல்லாம் சரியாகவே எரிந்தன.

ஜனவரி நீள்விடுமுறைக்கு ஹஸ்கிசன் போகத் திட்டம். பெண்டில் ஹில்லிலிருந்து எம்7, அப்புறம் ஹியூம் மோட்டார்வே, பிக்டன் ரோடு, மவுண்ட் ஊஸ்லி வழியாக வொல்லொங்காங். நான்தான் ஓட்டினேன். சமதளத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிரேக் கொஞ்சம் கூடுதலாக மிதிக்க வேண்டியிருந்தது, எடை இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். மவுண்ட் ஊஸ்லி இறக்கம் ஆரம்பித்ததும் பின்னாலிருந்து யாரோ தோள் கொடுத்துத் தள்ளுவது போல இருந்தது. மிதித்தேன். வேகம் குறைந்தது, காலை எடுத்ததும் மறுபடி தள்ளியது. மூன்றாவது தடவை பெடல் முன்பைவிட ஆழமாகப் போனது. கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க ஒரு பொத்தான் உண்டு. என் கணவர் பக்கத்து சீட்டிலிருந்து கை நீட்டி அதை அழுத்தினார். எதுவுமே நடக்கவில்லை. ஒரு சின்ன இழுப்புகூட இல்லை. கருகல் வாடை உள்ளே வர ஆரம்பித்தது. பின் சீட்டில் அத்தை சின்னவளை அணைத்துக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கியரை மேனுவலுக்கு மாற்றி இரண்டாவதுக்குக் கொண்டுவந்தேன். இடது ஓரம் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு லாரிக்குப் பின்னால் நல்ல இடைவெளி விட்டு, அதன் வேகத்துக்கே அடிவாரம் வரை இறங்கினேன். பல்கலைக்கழகம் பக்கம் திரும்பி நிறுத்தியபோது என் கால் நடுங்குவதை நிறுத்த முடியவில்லை.

அவர் இறங்கி காரின் முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டு போனார். தொடவில்லை, ஒரு சாண் தள்ளியே அனல் அடித்தது. அப்புறம் ட்ரெய்லர் சக்கரத்தைத் தொட்டார். டிரம் மேலேயே உள்ளங்கையை வைத்தார். வீட்டு வாசலில் நின்ற வண்டி மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய இறக்கத்தில் அந்தச் சக்கரம் ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட இழுக்க மனம் வரவில்லை. அன்று இரவு வொல்லொங்காங்கில் மோட்டலில் தங்கினோம். காலையில் கேம்பரைத் திறந்தால் ஃபிரிட்ஜ் நின்று போயிருந்தது. வழியெல்லாம் சார்ஜ் ஏறியிருக்க வேண்டிய பேட்டரி செத்துக் கிடந்தது, இட்லி மாவு புளித்து மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. கேம்பரை டில்ட் ட்ரே லாரியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்ப 480 டாலர்.

பட்டறைக்குத் திரும்பக் கொண்டு போவதற்கு முன்னால் வேறு யாராவது பார்க்கட்டும் என்று தோன்றியது. இதை மட்டும் நான் சரியாகச் செய்தேன். டூங்காபியில் ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் அவர் அண்ணைதான். சனிக்கிழமை காலை டெஸ்ட் லைட்டோடு வந்தார். என்னைப் பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு, காரின் பின்னால் ட்ரெய்லர் வயரை மாட்டும் ஏழு பின் (pin) பிளக்கில் ஐந்தாவது பின்னைத் தொட்டுப் பார்த்தார். டெஸ்ட் லைட் எரியவில்லை. பிளக்கின் மூடியைக் கழற்றினார். ஏழு இடத்தில் ஆறுக்கு வயர் வந்திருந்தது. ஐந்தாவது காலி. மற்ற ஆறு திருகாணியிலும் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் இருந்தது, ஐந்தாவது ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தது.

அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து பிளாஸ்டிக்கைக் கழற்றினார். "தங்கச்சி, இங்க வந்து பாருங்கோ" என்றார். கன்ட்ரோலரிலிருந்து வரும் நீல வயர் ஒரு முழ நீளத்தில் நின்றிருந்தது. முனையில் கறுப்பு டேப். "இது ஒரு இடத்துக்கும் போகேல்லை. டேப் சுத்திப்போட்டு உள்ளுக்கை செருகி விட்டிருக்கினம். பிள்ளையளையும் வச்சுக்கொண்டு இதிலயோ மலை இறங்கினனீங்கள்?"

ஐந்தாவது பின்தான் ட்ரெய்லர் பிரேக். அந்த நீல வயரை முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை கொண்டுபோக வேண்டுமானால் கதவு ஓரத்துப் பட்டைகள், கார்ப்பெட் எல்லாம் கழற்ற வேண்டும். ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். டெஸ்டர் போர்டில் அவர்கள் காட்டியது விளக்குகளை மட்டும்தான், அதனால் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆண்டர்சன் பிளக் கதை இன்னொன்று. அண்ணை அதன் வயரைப் பார்த்ததுமே தலையாட்டினார். இங்கே கடையில் 6 எம்எம் ஆட்டோ கேபிள் என்று விற்பதன் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். அந்த 6, பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த தடிமன். பானட்டிலிருந்து பின்பக்கம் வரை இழுத்துக் கேம்பர் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்க அது போதாது, வழியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். 13.5 சதுர மில்லிமீட்டர் வரும் 6 பிஅண்ட்எஸ் (B&S) அளவு கேபிளையாவது கேட்டு வாங்குங்கள். இப்போது வரும் வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர். கார் பேட்டரி நிறைந்ததும் அது வோல்டேஜைக் குறைத்துவிடும். அதனால் கேம்பர் பக்கம் அந்தக் குறைந்த வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் டிசி டிசி சார்ஜர் ஒன்று இல்லாமல் அந்த பேட்டரி நிறையவே நிறையாது. பட்டறையில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கார் பேட்டரி பக்கம் ஃப்யூஸ் போடவில்லை. அந்த வயர் எங்காவது தகரத்தில் உரசி ஷார்ட் ஆகியிருந்தால் தீதான்.

டோ பாரை நானே கீழே குனிந்து ஃபோன் டார்ச் அடித்துப் பார்த்தேன். அதன் தகடு தரையைப் பார்த்து இருந்தது. 1,200 கிலோ, டோ பால் மேல் 120 கிலோ. பில்லில் 2,000 என்று எழுதியிருக்கிறார்கள். கார் எவ்வளவு இழுக்கும், பார் எவ்வளவு தாங்கும், டோ பால் எவ்வளவு தாங்கும் என்று மூன்றையும் பார்த்து, எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. ஏதாவது விபத்து நடந்திருந்தால் இந்தத் தகடு ஒன்றே போதும், இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க.

அதோடு எங்கள் பக்கத்து எடையையும் பார்த்துவிடலாம் என்று எடை மேடைக்குப் போனோம். இதுவும் அண்ணை சொல்லிக்கொடுத்ததுதான். கேம்பரைக் கழற்றி முழுதாக மேடையில் வைத்தால் மொத்த எடை. காரோடு மாட்டி, கேம்பர் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி எடுத்தால் இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் டோ பால் மேல் அழுத்தும் எடை. எங்களுக்கு 1,490, 1,325. அதாவது டோ பால் மேல் 165 கிலோ. பார் சரியாகவே இருந்திருந்தாலும் காரின் 150 வரம்பைத் தாண்டியிருப்போம். முன்பக்கம் விரியும் கேம்பர்களில் தண்ணீர்த் தொட்டி, அடுப்படி, கேஸ் சிலிண்டர், ஜெரி கேன் எல்லாம் முன்னாலேயே இருப்பதால் இப்படி ஆகிறது. 80 லிட்டர் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே போய் நிரப்பிக்கொள்வது, ஜெரி கேன்களை எடுத்துவிடுவது என்று மாற்றியதும் 138க்கு வந்துவிட்டது. அதற்காக ஒரேயடியாகப் பின்பக்கம் எடை ஏற்றிவிடாதீர்கள். டோ பால் மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு இருக்க வேண்டும். ரொம்பக் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பித்து காரையே இழுத்துப் போட்டுவிடும்.

படங்கள் எல்லாம் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். மேனேஜர் முதலில் "உங்கள் கேம்பரில்தான் கோளாறு" என்றார். காலி பின்னின் படத்தைக் காட்டினேன். "வேறு யாரோ கழற்றியிருக்கிறார்கள், இனி வாரண்டி கிடையாது" என்றார். பிறகு 300 டாலர் தருகிறேன், விமர்சனம் எதுவும் எழுதக்கூடாது என்று ஒரு தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போடவில்லை. நீங்களும் போடாதீர்கள்.

பணம் திருப்பித் தரப்படாது என்று சுவரில் ஒட்டியிருந்தாலும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தை அது தடுக்காது. எந்த சேவையையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்பது சட்டம் தரும் உத்தரவாதம். செய்த வேலை ஆபத்தான நிலையை உண்டாக்கினால் அது பெரிய குறை. சரிசெய்கிறேன் என்று அவர்கள் சொல்வதை நாம் ஏற்க வேண்டியதில்லை, பணத்தையே கேட்கலாம். முதலில் எழுத்தில் கேட்டேன், பதில் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுத்தேன், கட்டணம் இல்லை. அவர்கள் இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பார்கள். பட்டறை அசையாததால் இப்போது இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் மாநிலத் தீர்ப்பாயமான என்கேட்டில் (NCAT) மனு போட்டிருக்கிறேன்.

கார் இப்போது சரியாக இருக்கிறது. உரிமம் உள்ள வேறு ஒருவர் 2,000 கிலோ தகட்டோடு பார் போட்டு, நீல வயரைக் கடைசி வரை இழுத்து, ஃப்யூஸ் போட்டுத் தந்தார். பணம் கட்டும் முன் கேம்பரை மாட்டி, ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, கால் வைக்காமல் கன்ட்ரோலர் பொத்தானை மட்டும் அழுத்தச் சொன்னார். பின்னாலிருந்து கேம்பர் காரைப் பிடித்து இழுத்து நிறுத்தியது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்து காட்டாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி.

அடுத்த மாதம் விசாரணை. டேப் சுற்றிய அந்த நீல வயர் முனையை, இருந்த இடத்திலேயே படம் எடுத்த பிறகு, அண்ணை வெட்டி ஒரு ஜிப் பையில் போட்டுக் கொடுத்தார். கராஜில் கிடக்கும் பழைய டோ பாரோடு அதையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.