பேஸ்மட்டத்துக்குக் கீழேயே போச்சு ஆறு லட்சம்

9,500 சிங்கப்பூர் வெள்ளி. ஊர்க் காசுக்கு ஆறு லட்சம். பேஸ்மட்டம்கூட எழும்பவில்லை, அதற்குள் போய்விட்டது. இங்கே இருந்துகொண்டே ஊரில் வீடு கட்டுகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் நோட்டீஸ் கொடுத்து ஆள் பிடிக்கிற, வீடு கட்டித்தரும் ஆப் ஒன்று. "நீங்க வரவே வேணாம், எல்லாத்தையும் வீடியோவுல காட்டிடுவோம்" என்பார்கள். அந்த வீடியோதான் கவிழ்த்தது. மனை பட்டுக்கோட்டைப் பக்கம், களிமண். அதனால் அஸ்திவாரக் குழி அஞ்சடி என்று பேச்சு. ஆப்காரர்களின் காண்ட்ராக்டர் வீடியோவில் குழிக்குள் டேப்பை இறக்கி, "பாத்துக்கங்கண்ணே, சுத்தமா அஞ்சடி" என்றார். டேப்பிலும் அஞ்சுதான் தெரிந்தது. அட்வான்ஸ் இரண்டு லட்சம் முன்பே போயிருந்தது. அன்று ராத்திரியே மீதி நாலும் போனது.

பத்து நாள் கழித்து மச்சான் போய் அளந்தால் மூன்றரை அடி! டேப்பை அவர் தரைமட்டத்தில் பிடிக்கவில்லை, தோண்டிக் கொட்டிய மண்குவியலின் உச்சியில் பிடித்திருக்கிறார். குவியல் ஒன்றரை அடி. களிமண்ணில் மேல்மண் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். ஃபுட்டிங் (வீட்டுப் பாரத்தைத் தாங்கும் அடிக் கான்கிரீட்) அந்த ஆட்டத்துக்குக் கீழே போய் உட்கார வேண்டும். மூன்றரை அடியில் வைத்தால் சுவர் விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கம்பி. டிராயிங்கில் 12 எம்எம், ஆறு அங்குல இடைவெளி. கான்கிரீட் போடாமல் விட்டிருந்த ஒரு குழியில் மச்சான் பார்த்தது 10 எம்எம், ஒன்பது அங்குலம். கணக்குப் போட்டால் இரும்பு பாதிகூட இல்லை. கீழே பிசிசி (கம்பிக்கு அடியில் போடும் வெறும் கான்கிரீட்) இல்லை, கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் ஒன்றுகூட இல்லை, கம்பி ஈர மண்ணில் படுத்துக் கிடக்கிறது. அடியில் 50 எம்எம் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட், இல்லாவிட்டால் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும். இங்கே தினமும் கம்பி எண்ணுகிற வேலைதான் எனக்கு (சைட்டில்தான், ஜெயிலில் இல்லை), வீடியோவில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் எனக்கே தெரியவில்லை.

பணம் போகும்வரை "அண்ணே". போன பிறகு "சார், மழை சார்", "சார், மேஸ்திரி ஊருக்குப் போயிட்டாரு". ஆப்காரர்களிடம் கேட்டால் புகார் நம்பர் கொடுத்து 48 மணி நேரம் என்றார்கள். மூன்று தடவை 48 மணி நேரம் ஆகிவிட்டது. கடைசியில் ஒரு பெண் சாவகாசமாகச் சொல்கிறார்: "நீங்க அனுப்புனது காண்ட்ராக்டரோட சொந்தக் கணக்குக்கு சார், எங்களுக்கு வரல." அந்தக் கணக்கு நம்பரை எனக்கு அனுப்பியதே அவர்கள் ஆபீஸ்தான். ஆறு லட்சம்!

விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பாருங்கள். குழியின் இரு பக்கமும் பழைய தரைமட்டத்தில் முளையடித்து நூல் கட்டி, நூலிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். கம்பி இறங்கியதும் ஒன்றைத் தராசில் போடுங்கள்: 12 மீட்டர் நீளத்துக்கு 12 எம்எம் சுமார் 10.66 கிலோ, 10 எம்எம் 7.4 கிலோ. கம்பி கட்டி முடித்து, உங்கள் ஆள் நேரில் பார்க்காமல் கான்கிரீட் போட விடாதீர்கள். பணம் கம்பெனிக் கணக்குக்கு மட்டும். ஊருக்குப் பணம் அனுப்பும் ரெமிட்டன்ஸ் ரசீதில் "குடும்பச் செலவு" என்று போடாதீர்கள், வீடு கட்டக் கொடுத்த பணம் என்று அதை வைத்துக் காட்ட முடியாது; நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.