கன்னிமாராவா கிராண்ட் சோழாவா?

ரெண்டு ஹோட்டலுமே சென்னைல மவுண்ட் ரோடு பக்கம்தான், ஆனா ரெண்டும் வேற உலகம். பின்னி ரோட்ல இருக்குற தாஜ் கன்னிமாரா 1854-ல இம்பீரியல் ஹோட்டலா ஆரம்பிச்சது, அப்புறம் மெட்ராஸ் கவர்னரா இருந்த கன்னிமாரா பிரபு பேரை வச்சாங்க, 1930-கள்ல ஆர்ட் டெகோங்கற கட்டட பாணில முகப்பு வந்துச்சு, 1970-கள்ல இலங்கை ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா கைவரிசையும் சேர்ந்துச்சு. பழைய மரங்கள், அங்க இருக்குற ரெயின்ட்ரீ ரெஸ்டாரண்ட்ல செட்டிநாட்டு சாப்பாடு, ரொம்ப அழகு!

கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா 2012-லதான் திறந்தாங்க. தஞ்சை பெரிய கோயில் பாணில தூண்களும் சிற்பங்களுமா பிரமாண்டம், சுமார் 600 ரூம், பசுமைக் கட்டடத்துக்கான லீட் பிளாட்டினம் சர்டிபிகேட் வேற. ஏர்போர்ட் கிட்ட, கல்யாணம் கான்ஃபரன்ஸ்னா இதான் வசதி. நிதானமா ரெண்டு நாள் தங்கணும்னா என் ஓட்டு கன்னிமாராவுக்கே.