பெரிய கோவில் விமானம் படத்தில் சாயாமல் நிற்க: ஷிஃப்ட் லென்ஸா, வைடு லென்ஸா, மென்பொருளா?

கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சரிவதுபோல் படத்தில் விழும். எங்கள் ஊர்ப் புகைப்படக் குழு கட்டடப் படங்களைப் பழக ஆரம்பித்ததும் முதல் வாக்குவாதமே இதில்தான். எந்த வழியில் நேராக்குவது? பாடத்துக்குத் தஞ்சைப் பெரிய கோவிலை எடுத்துக்கொண்டோம். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானம், சுமார் 66 மீட்டர் உயரம்.

விதி எளிது. கொத்தனார் மட்டம் பார்ப்பதுபோல் கேமராவும் மட்டமாக இருந்தால் சுவர்க் கோடுகள் நேராக நிற்கும். ஆனால் படத்தின் கீழ்ப்பாதியைத் தரை தின்றுவிடும், மேலே கலசம் வெட்டுப்படும். ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவில் சாதாரண 24 மி.மீ. லென்ஸை நெட்டுவாக்கில் மட்டமாகப் பிடித்துக் கலசம் வரை எடுக்க, விமானத்தின் நடுவிலிருந்து 86 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பிராகாரத்தின் அகலமே சுமார் 120 மீட்டர். வடக்கிலோ தெற்கிலோ நகர்ந்தால் 60 மீட்டருக்குள் முதுகு மதிலில் முட்டிவிடும்.

இந்த இடத்தில்தான் ஷிஃப்ட் லென்ஸ் கைகொடுக்கிறது. கேனனின் டிஎஸ்-இ 24 மி.மீ. லென்ஸ் 12 மி.மீ. மேலே நகரும், கேமரா மட்டத்திலேயே இருக்கும். அதே கலசம் 52 மீட்டரிலேயே அடங்குகிறது. எடுக்கும்போதே முடிந்த படம் கண்ணில் தெரிகிறது. அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் புதிதாக வாங்கினால் லட்சத்துக்கு மேல் ஆகும், ஆட்டோஃபோகஸும் கிடையாது. ட்ரைபாடில் வைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டிய லென்ஸ் இது. கோவிலிலோ முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாட் வைக்க முடியாது.

16 மி.மீ. வைடு லென்ஸை மட்டமாகப் பிடித்தால் 57 மீட்டரில் கலசம் வந்துவிடும். வெறும் 5 மீட்டர்தான் வித்தியாசம்! அப்புறம் தரை விழுந்த கீழ்ப்பாதியை வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சலில் 12 மிஞ்சும், ஏ4 பிரிண்டுக்கு அது தாராளம். பலரிடம் ஏற்கெனவே இருக்கிற லென்ஸ் என்பதால் புதுச் செலவும் இல்லை. சுவரளவு பெரிய பிரிண்ட் போட நினைத்தால் மட்டும் அது போதாது.

மூன்றாவது, அண்ணாந்தே எடுத்துவிட்டு மென்பொருளில் நேராக்குவது. வேகமான வழி, கூட்டத்தில் இடம் கிடைக்காதபோது வேறு வழியும் இல்லை. ஒரே இடத்தில் நின்று எடுத்து ஒழுங்காகத் திருத்தினால், உருவம் ஷிஃப்ட் லென்ஸ் தருவதுபோலவே வரும். ஆனால் மேற்பகுதி இழுபடுவதால், நுணுக்கமான சிற்பங்கள் இருக்கும் இடத்திலேயே கூர்மை குறைகிறது. ஓரங்களும் வெட்டுப்படும், அதனால் எடுக்கும்போதே சுற்றிலும் இடம் விட வேண்டும்.

இந்த விமானத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 13 நிலைகளும் இயல்பாகவே மேலே போகப் போகக் குறுகுகின்றன. தானியங்கித் திருத்தத்தை அழுத்தினால், அந்தச் சரிவையே பிழை என்று எடுத்துக்கொண்டு விமானத்தை உப்ப வைத்துவிட வாய்ப்புண்டு. சிற்பி கணக்குப் பார்த்துக் கொடுத்த சரிவை நாம் அழிக்கக் கூடாது. விமானத்தின் சரிந்த விளிம்பை விட்டுவிட்டு, கீழே தூக்குக்குண்டு பிடித்ததுபோல் செங்குத்தாக நிற்கும் இரண்டு தளச் சுவரையோ, திருச்சுற்று மாளிகையின் தூண்களையோ அளவாக வைத்துக் கையால் திருத்துங்கள்.

பெரிய கோவிலுக்கு என் தேர்வு, தயக்கமில்லாமல், வைடு லென்ஸும் மட்டமும்தான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அதையே சொல்கிறேன், கண் அதில்தான் பழகும். கூட்ட நாளில் மட்டும் மென்பொருள். ஷிஃப்ட் லென்ஸை வாடகைக்கு எடுப்பதென்றால் செட்டிநாட்டு வீடுகளுக்குப் போகும்போது எடுங்கள். முற்றத்தில் பின்னால் நகர இடம் இருக்காது. லென்ஸைக் கீழே நகர்த்தினால் ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையும் நிறைய வரும், தேக்குத் தூண்களும் நேராக நிற்கும்.