கொழும்பு ஈரத்தில் ஐந்து வருடம்: என் 8×42 பைனாகுலர்

வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இரண்டு பைனாகுலர்கள் கிடக்கின்றன. ஒன்று செத்துவிட்டது. புறக்கோட்டையில் பேரம் பேசி வாங்கிய 10×50 அது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். பறவை கிட்ட வந்ததென்னவோ உண்மை. கூடவே என் கை நடுக்கமும் பத்து மடங்காக வந்தது. ஒரு வருடத்துக்குள் உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம். "கழற்றிப் பூட்டுற காசுக்குப் புதுசே வாங்கலாம் தம்பி" என்றார் திருத்துபவர்.

கொழும்பு 2018இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர். பறவைக்கு நல்லது, கண்ணாடிக்குக் கூடாது. அதனால் அடுத்து வாங்கியது, ஈரம் உள்ளே போகாதபடி நைதரசன் நிரப்பி அடைத்த 8×42. இன்றுவரை உள்ளே ஒரு புள்ளி விழவில்லை.

வெளிச்சத்தில் பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். கண்ணுக்கு வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம், 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25 மில்லிமீற்றர், பழையதிலும் 5 தான். வித்தியாசம் பாரத்திலும் பார்வைப் பரப்பிலும். தலங்கம குளத்தில் காலை ஆறு மணிக்கு நின்றால் புரியும். தாமரை இலைகளுக்கு நடுவே நீளவால் இலைக்கோழி நடக்கும், நிற்கும், சட்டென்று மறையும். பழையதில் தேடி முடிப்பதற்குள் அது வேறு இலையில் நிற்கும். இந்த எட்டு மடங்கில் முழு இலைக்கூட்டமும் ஒரே பார்வைக்குள் வருகிறது. ஒருமுறை முட்டையில் குந்தியிருந்ததை அரை மணி நேரம் பார்த்தேன். அது ஆண்; அந்த இனத்தில் அடைகாப்பது தகப்பன்தான்.

பேரே வாவிக்கு இதைக் கொண்டுபோகத் தேவையில்லை. கூழைக்கடா வெறுங்கண்ணுக்கே போதுமான பெரிசு.

காலிமுகத்திடலில்தான் தோற்றுப்போகிறது. ஒக்டோபருக்குப் பிறகு கடல்மேல் ஆலாக்கள் பறந்தால் "ஆலா" என்று மட்டும் சொல்லலாம், எந்த ஆலா என்று பிரிக்க ஸ்கோப், அதாவது முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி, வேண்டும். உப்புக் காற்று வேறு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் துடைக்கிறேன். சேர்ட் நுனியால் துடைத்த ஒரு நாளின் கீறல் இடது கண்ணாடியில் இன்னும் இருக்கிறது.

குறைகள் என்றால், கண் வைக்கும் றப்பர் வளையம் வியர்வையில் நான்காம் வருடமே பிசுபிசுத்துத் தளர்ந்துவிட்டது. கழுத்துப் பட்டி முதல் மாதமே நோவு தந்தது. தோள்வழியாகக் குறுக்கே போடும் பட்டிக்கு மாறினேன்.

வைப்பது மூடி இறுகும் பிஸ்கட் டின்னுக்குள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு. அது நிறம் மாறினால் சமையலுக்கு எடுக்காத பழைய தாச்சியில் வறுத்து எடுப்பேன். அந்தத் தாச்சி எது என்பதில் மட்டும் வீட்டில் இன்னும் உடன்பாடில்லை.