சைனிக் தேர்வுக்கு ஆங்கிலச் சொற்கள்: பட்டியலா, அட்டையா, வேர்ச்சொல்லா, வாசிப்பா?

ராணுவ அதிகாரிகளாகப் பிள்ளைகளைத் தயார்செய்யும் சைனிக் பள்ளிகளின் நுழைவுத் தேர்வை ஆறாம் வகுப்புக்குத் தமிழிலேயே எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு அந்த வழி கிடையாது. தாள் முழுக்க ஆங்கிலம். 400 மதிப்பெண்ணில் கணக்குக்கு 200 போய்விடும். ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். ஆகவே தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ தமிழ்வழியில் எட்டாவது படிக்கும் பிள்ளை, சொற்களுக்கு நாளைக்கு அரை மணிக்கு மேல் ஒதுக்கினால் நட்டம்தான். அந்த அரை மணியை எதில் போடுவது?

பட்டியல் மனப்பாடம் தொடங்கச் சுலபம், மறக்கவும் சுலபம். பிள்ளை சொல்லைவிட வரிசையைத்தான் நினைவில் வைக்கிறது. அதே சொல் வாக்கியத்துக்குள் வந்தால் விழிக்கிறது. எழுத்துக் குழப்பங்களுக்கு மட்டும் பட்டியல் போதும்: 'ஸ்டேஷனரி'யின் கடைசி 'ஆர்' எழுத்துக்கு முன் 'ஏ' வந்தால் நகராமல் நிற்பது, 'ஈ' வந்தால் எழுதுபொருள்.

அட்டை முறை மெனக்கெட வைக்கும், ஆனால் பலன் நிற்கும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நான்காக வெட்டினால் போதும்; தடித்த தாள் என்பதால் பின்பக்க எழுத்து தெரியாது. வழவழப்பான பக்கத்தில் மை இழுவிவிடும், பால்பாயின்ட் பேனாவே நல்லது. முன்னால் சொல், பின்னால் பொருளும் ஒரு வாக்கியமும். மூன்று டப்பா வேண்டும்: முதலாவது தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். தினம் 8 புதுச் சொல். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்: பழையது தேங்கியிருக்கப் புதியதைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். முதல் டப்பாவில் 25 அட்டை தாண்டினால் புதுச் சொல்லை நிறுத்திவிட வேண்டும். பொருளைப் பார்த்துச் சொல்லைச் சொல்லும் தலைகீழ்ப் பயிற்சியும் கட்டாயம்.

வேர்ச்சொல் முறைக்கு, கால்வாய் நீரைப் பள்ளத்தாக்கின் மேலே கொண்டுசெல்லும் மாத்தூர் தொட்டிப்பாலமே பாடம். 'அக்வா' என்றால் நீர், 'டக்ட்' என்றால் கொண்டுசெல்வது, 'அக்விடக்ட்' வந்துவிட்டது. கூடவே 'அக்வாட்டிக்', 'வயடக்ட்' எல்லாம் பிடிபடும். தெரியாத சொல்லிலும் இரண்டு விடைகளைக் கழிக்க இது உதவும்; தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வில் அது பெரிய லாபம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 'இன்' முன்னொட்டு இல்லாமையைக் குறிக்கும் என்று படித்த பிள்ளை, 'இன்வேல்யுவபிள்' என்பதற்கு மதிப்பற்றது என்று குறித்துவிடும். உண்மையில் அது விலைமதிப்பற்றது.

வாசிப்பு மெதுவான வழி; ஆனால் உரைப்பத்தி வினாக்களுக்கும் சேர்த்துப் பலன் தருவது இது மட்டும்தான். நாளிதழ்த் தலையங்கத்தில் தொடங்குவது வீண்வேலை. பக்கத்துக்கு ஐந்துக்கு மேல் தெரியாத சொல் வந்தால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். நூலகத்தின் சிறுவர் பகுதியில் இன்னும் எளிதாக ஒன்று கிடைக்கும்.

ஆறு மாதம் கையில் இருந்தால் வாசிப்பு 15 நிமிடம், அட்டை 15 நிமிடம். வாசிப்பில் தட்டிய சொற்களே அட்டைக்குப் போகட்டும். இரண்டே மாதம் என்றால் வாசிப்பை விட்டுவிட்டு அட்டையும், வாரம் ஐந்து வேர்ச்சொல்லும். கடைசிப் பத்து நாள் புது அட்டை எழுதவே வேண்டாம்.