கரவனுக்குப் புதிய அச்சும் மின்பிரேக்கும்: திருகோணமலைப் பட்டறை ஒன்றின் வேலை

உள்ளூரில் கட்டிய ஒற்றை அச்சுக் கரவன் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றைத் திருகோணமலையில் வைத்திருப்பவர், அதன் அச்சையும் பிரேக்கையும் மாற்றுவதற்காகக் கொழும்பு வரை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை என்பது எனது உறுதியான கருத்து. கண்டி வீதியில், நகரின் சந்தடி குறைந்ததும் வருகின்ற ஒரு பட்டறையில் எனது வண்டிக்கு இந்த வேலையைச் செய்வித்தேன். அங்கே வருபவை பெரும்பாலும் படகு ட்ரெயிலர்களும் உழவு இயந்திரப் பெட்டிகளும்தான்; கரவன் அவர்களுக்குப் புதிது. ஆனாலும் அச்சு, வில்லு, சில்லு ஆகியவற்றில் அவர்களுக்குள்ள தேர்ச்சியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

வேலை தொடங்குமுன் மூத்த மெக்கானிக் கேட்டது எடையைப் பற்றித்தான். "நிறுத்துக் காட்டாமல் நான் அச்சுக்கு அளவு சொல்லமாட்டேன், தம்பி" என்றார். தண்ணீர்த் தாங்கி நிரம்பி, எரிவாயு சிலிண்டர்களும் பற்றறிகளும் சமையற் பாத்திரங்களும் ஏற்றப்பட்ட நிலையில், லொறி நிறுக்கும் தராசில் ஏற்றி எடைச்சீட்டைக் கொண்டுவந்து கொடுக்கும்வரை அவர் ஒரு நட்டைக்கூடக் கழற்றவில்லை. 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ என்பதைக் கரவன் கட்டுபவர்களே கணக்கில் எடுப்பதில்லை. பழைய அச்சின் தாங்குதிறன் 3,500 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 1,588 கிலோ; சுமையேற்றிய வண்டி அதனைத் தாண்டியிருந்தது. எனவே, 5,200 இறாத்தல் தாங்கக்கூடிய, துத்தநாக முலாம் பூசிய அமெரிக்க அச்சொன்றையும் அதற்குரிய 12 அங்குல மின்பிரேக்குகளையும் தருவிப்பது என்று முடிவாயிற்று.

இங்கேதான் அச்சு மாற்றம் என்பது அச்சோடு நின்றுவிடுவதில்லை என்பது தெரியவரும். 12 அங்குல பிரேக் டிரம் (சில்லோடு சேர்ந்து சுழலும் உருளைக் கூடு) 14 அங்குலச் சில்லுக்குள் அடங்காது. 15 அங்குலச் சில்லுக்குப் போக வேண்டும். புதிய அச்சின் ஹப்பில், அதாவது சில்லைப் பூட்டும் நடுப்பகுதியில், ஐந்துக்குப் பதிலாக ஆறு ஆணிகள், 5½ அங்குல வட்டத்தில் அமைந்திருக்கின்றன. இது 139.7 மில்லிமீற்றர், ஹைலக்ஸ் பிக்கப்பின் சில்லுக்கும் இதே அளவுதான். ஆகவே பிக்கப் சில்லையே மாட்டிவிடலாம் என்று எண்ணத் தோன்றும். மெக்கானிக் அதற்கு உடன்படவில்லை. ஆணி வட்டம் பொருந்தினாலும் நடுத்துளை ஹப்பில் இறங்குகிறதா, சில்லு உட்பக்கம் ஒதுங்கி ரயர் வில்லில் உரசுமா என்று அளந்து பார்த்த பிறகு, ட்ரெயிலருக்கென்றே செய்த சில்லுகளைத்தான் போடச் சொன்னார். ரயர் மட்டும் பிக்கப்புக்குரிய 205/70ஆர்15சி என்பதால் எந்த ஊரிலும் கிடைக்கும். அந்த ரயரின் சுமைக்குறியீடு 106. ஒன்று தாங்குவது 950 கிலோ. ஆகையால் அச்சு ஏறத்தாழ 2,360 கிலோ தாங்கும் என்றாலும், இரண்டு ரயர்களின் மேல் ஏற்றக்கூடியது 1,900 கிலோதான். அடிச்சட்டமும், முன்வண்டியோடு இணைக்கும் கொளுவியும் பழையனவே என்பதால் அவற்றின் எல்லையும் உயரவில்லை. அதிக சுமை ஏற்றுவதற்கான அனுமதியாக இந்த மாற்றத்தை எவரும் கருதக்கூடாது.

பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டியில் இருந்தது, பின்னாலிருந்து கரவன் தள்ளும் விசையால் கொளுவி அமுங்கி வேலை செய்கின்ற வகை. கந்தளாய், ஹபரணை வரையான சமதரையில் அதில் பெரிய குறை தெரியாது. மாத்தளையைத் தாண்டிக் கண்டி நோக்கி மலையேறி இறங்கும்போதும், நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போதும், கரவன் ஓயாமல் முன்வண்டியின் மேல் சாய்ந்துகொண்டே வருவதால் பிரேக்கும் ஓயாமல் உராய்ந்து சூடாகி, மிகவும் தேவைப்படுகின்ற இடத்தில் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். மின்பிரேக்கில் டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் 12 வோல்ற் மின்சாரம் அதற்குச் செல்ல, அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி இழுபட்டு, நெம்புகோலைத் தள்ளி, பிரேக் ஷூக்களை விரிக்கிறது. எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பதை ஓட்டுநரின் முழங்காலருகே பொருத்திய கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. வண்டி வேகம் குறையும் அளவை உணர்ந்து அதே விகிதத்தில் மின்சாரம் அனுப்பும் கருவியையே வாங்க வேண்டும்; மிதித்ததும் ஒரே அளவில் ஏறிக்கொண்டு போகும் மலிவான கருவி, மழையில் நனைந்த வளைவுகளில் சில்லைப் பூட்டிவிடக்கூடும். கரவன் ஆடத் தொடங்கினால், முன்வண்டியின் பிரேக்கைத் தொடாமலே கருவியின் கைப்பிடியை அழுத்திக் கரவனை மட்டும் பின்னிழுத்து நேராக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் செலவை ஏற்றுக்கொண்டேன்.

வில்லுத் தெரிவிலும் பட்டறையின் ஆலோசனை சரியாக இருந்தது. குழாய்க்குள் இறப்பர் வைத்த முறுக்கு அச்சு மென்மையாக ஓடும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் பட்டைகளும் அதில் இல்லை. ஆனால் இறப்பர் தளர்ந்தால் அச்சை முழுதாகவே மாற்ற வேண்டும். தகடுகளை அடுக்கிச் செய்த பட்டை வில்லில் ஒரு தகடு முறிந்தால் கந்தளாயிலும் சரிசெய்யலாம். எனவே பட்டை வில்லையே வைத்து, அச்சை வில்லோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகளை மட்டும் முற்றிலும் புதிதாகப் போட்டார்கள். முறுக்கி நீண்ட பழையவற்றைத் திரும்பப் பூட்டவில்லை. இடம், வலம் மாறாமல் பிரேக் தட்டுகளைப் பொருத்தியதையும், நீளம் குறைந்த லைனிங் (டிரம்மில் உராயும் பட்டை) உள்ள ஷூ முன்பக்கம் நிற்பதையும் எனக்குக் காட்டிய பிறகுதான் டிரம்மை மூடினார்கள்.

குறை மின்வேலையில் இருந்தது. இரண்டு காந்தங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6 அம்பியர் இழுக்கும் நிலையில், பின்விளக்குக்கு இழுக்கின்ற மெல்லிய வயரையே பிரேக்குக்கும் இழுத்து, கவ்விப் பிடிக்கும் இணைப்பிகளால் முடித்திருந்தார்கள். மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறைந்து காந்தத்தின் பிடி தளரும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்காற்றில் அத்தகைய இணைப்புகள் விரைவிலேயே பச்சை பூத்துவிடும். எடுத்துச் சொன்னதும் மறுபேச்சின்றிக் கழற்றி, படகு உதிரிப்பாகக் கடையில் விற்கும் வெள்ளீயம் பூசிய தடித்த செம்பு வயரைப் போட்டு, ஈயப்பற்று வைத்து, சுருங்கும் உறையால் மூடித் தந்தார்கள். வயரின் விலையை மட்டுமே வாங்கினார்கள். கரவன் கழன்று போனால் தானே பிரேக் பிடிக்கச் செய்யும் அறுபடு சுவிச்சையும் அதன் சிறு பற்றறியையும் நான் நினைவூட்டிய பிறகே பொருத்தினார்கள். ஆகவே அங்கே செல்பவர்கள் மின்வேலையை மட்டும் ஒரு தேர்ந்த வாகன மின்வேலையாளரிடம் ஒப்படைப்பது நல்லது.

புதிய லைனிங்குகள் டிரம்மோடு படிவதற்கு, மணிக்கு 65 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 30 வரை இருபது முப்பது முறை மெதுவாகப் பிரேக் பிடிக்க வேண்டும்; புல்மோட்டை வீதி காலையில் அதற்கு வாய்ப்பானது. சில்லு நட்டுகளை முதல் 15, 40, 80 கிலோமீற்றரில் மீண்டும் முறுக்குமானியால் இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதைப் பட்டறையினரே எழுதித் தந்தார்கள். கூலி நியாயமானது, செலவின் பெரும்பகுதி தருவித்த உதிரிப்பாகங்களுக்கே போகிறது. அவை வந்து சேர்ந்த பிறகே வண்டியைக் கொண்டுபோய் விடுங்கள், ஏனெனில் முற்றத்தில் கூரை இல்லை, மழைக்காலத்தில் திறந்த ஹப்புகளுக்குள் தண்ணீர் இறங்கும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகப் பட்டறை மூடியிருக்கும்.