தட்டட்டியில் வெள்ளை ஓடு: ஆறு கோடை பார்த்தாச்சு

பாளையங்கோட்டையில் எங்கள் தார்சு வீடு, கான்கிரீட் கூரை போட்டது, 1994-இல் கட்டியது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று அங்குலத்துக்குப் போட்டு, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்திருந்தார்கள். இருபத்தைந்து வருஷத்தில் ஓட்டு இடுக்கெல்லாம் விட்டுப்போய், ஐப்பசி மழைக்குப் பின்கட்டு அறையில் வாளி வைக்கிற நிலை. 2019 மாசியில் எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு, ஒன்றரை அங்குலக் கலவை மேல் வெள்ளைக் கூல் டைல் போட்டோம். குப்பை அள்ளின கூலியோடு 900 சதுர அடிக்கு ஒன்றேகால் லட்சம்.

பழசைப் பெயர்க்காமல் அதன்மேலேயே ஒட்டிவிடலாம் என்றுதான் நான் நின்றேன். கலவையும் ஓடுமாக இரண்டு அங்குலம் ஏறினால் சதுர அடிக்குப் பத்து கிலோ, மொத்தம் ஒன்பது டன் என்று எஞ்சினியர் கணக்குச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டேன்.

வெயிலுக்கு வருகிறேன். மச்சான் கனடாவில் இருக்கிறார். அவர் வீட்டில் பலகைத் தரைமேல் குழாய் ஓட்டி, ஒன்றரை அங்குலக் கான்கிரீட் ஊற்றி, வெந்நீர் விட்டுத் தரையைச் சுட வைக்கிறார்களாம். நமக்கு அந்தச் செலவே கிடையாது. கூரை இனாமாகச் சுடும். கான்கிரீட் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாகத்தான் விடும். அதனால்தான் நம் வீட்டில் மத்தியானத்தைவிட ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் வேகிறது. வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அடிப்பதால் கான்கிரீட்டுக்குள் இறங்கும் சூடே குறைவு. முன்பு அக்னி நட்சத்திரத்தில் விடிய விடிய ஓடிய ஏசியை இப்போது இரண்டு மணிக்கு மேல் அணைத்துவிடுகிறோம். ஏசியே வேண்டாம் என்று கடையில் சொன்னதை மட்டும் நம்பாதீர்கள். மேற்குச் சுவர் தன் பங்குக்குக் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்றாம் வருஷம் வந்தது வினை. மாடியின் மேற்குப் பக்கம் கால் வைத்தால் டொக்கு டொக்கென்று சத்தம். நாலு ஓடு தூக்கிக்கொண்டு நின்றது. போட்டவர் போனை எடுக்கவில்லை. வேறொரு கொத்தனார் வந்து சுத்தியல் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, அம்புட்டு ஓட்டையும் கைப்பிடிச் சொவரோட முட்ட வச்சிருக்காவ. வெயிலுக்கு வீங்குனா அது எங்கன போவும்?” சுவரோரம் அரை அங்குலம் வெட்டி, நடுவிலும் பன்னிரண்டு அடிக்கு ஒரு கோடு இழுத்து, ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட் அடைத்தார். பதினெட்டாயிரம். அதற்கப்புறம் ஒரு ஓடும் கிளம்பவில்லை. நீங்கள் போடுவதானால் இந்த இடைவெளியை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். ஓடு பதிக்கும் முன் பாத்தி கட்டி மூன்று நாள் தண்ணீரும் நிறுத்திப் பாருங்கள். ஒழுக்கை நிறுத்துவது அடியில் பூசுகிற வாட்டர்ப்ரூஃபும் வாட்டமும்தான், ஓடு அல்ல.

2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்குமே, காயல்பட்டினத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்று வேப்பிலை அடைத்து எங்கள் தட்டட்டியில் கணுக்கால் தண்ணீர் நின்றது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

வெள்ளை வெள்ளையாக இருந்தால்தான் வேலை செய்யும். கார்த்திகை முடிவதற்குள் வடபக்கம் கறுப்புப் பாசி பிடித்துவிடும். வருஷா வருஷம் மாசியில் சோப்புத்தூள் போட்டுத் தென்னந்துடைப்பத்தால் தேய்க்கிறேன். ஒரு முறை ஆசிட் ஊற்றி இடுக்குச் சிமெண்டை அரித்துக் கெடுத்ததும் நானேதான். தேய்க்க ஆள் இல்லாதவர்கள், பழைய தட்டோடு நன்றாக இருந்தால் பங்குனியில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். மழைக்குக் கரைந்து போகும், ஆனால் செலவு சில்லறை.

அம்மாவுக்கு மட்டும் இந்த ஓடு ஆகவே ஆகாது. மத்தியானம் கண் கூசுகிறது என்பது ஒன்று. காலையில் பிழிந்த கூழ் வத்தல் சாயங்காலம் வேட்டியைவிட்டு உரிந்து வர மாட்டேன் என்கிறது என்பது இன்னொன்று. மாடிப்படிக் கூண்டுக்கு மேல் மட்டும் பழைய சிமெண்டுத் தளம் அப்படியே கிடக்கிறது. சித்திரை பிறந்தால் எழுபத்திரண்டு வயதில் ஏணி போட்டு அங்கேதான் ஏறுகிறாள்.